பேச்சு எடுபடவில்லையா? கருத்தைப் பாருங்கள்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

நவம்பர் 16 நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் கோயில் மண்டபங்களிலும் சங்கக் கூடங்களிலும் பேச ஆள் தேடத் தொடங்கிவிடுவார்கள். 1860இல் அந்த நாளில்தான் சென்னையிலிருந்து வந்த டுரூரோ கப்பல், ஒப்பந்தக் கூலிகளாக வந்த முதல் 342 பேரை இங்கே இறக்கியது. அது தவிர செப்டம்பர் 24 மரபு நாள், சித்திரைப் புத்தாண்டு, பிப்ரவரியில் தில்லையாடி வள்ளியம்மை நினைவு என்று வருஷம் முழுக்க மேடை உண்டு. "பத்து நிமிஷம் பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள். என்ன பேசுவது என்பது உங்கள் பாடு.

அப்படி மாட்டிக்கொண்டவர்கள் உதவி கேட்டு வரும்போது சொல்லும் குறை பெரும்பாலும் வாய் சம்பந்தப்பட்டதாக இருக்கும். குரல் நடுங்குகிறது, நேரம் போதவில்லை, பாதியில் மறந்துபோகிறது, முடிக்கத் தெரியவில்லை. நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன்: சொல்ல வந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். குரலுக்கு மருந்து தேடுவதற்கு முன்னால் அந்த வாக்கியத்தைத் தேடுவது நல்லது, ஏனென்றால் மேலே தெரியும் கோளாறுகளில் நிறைய அது இல்லாததால் வருபவை.

கீழே உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

அறிகுறி: "எதைப் பற்றிப் பேசுறீங்க?" என்றால் ஒற்றைச் சொல்லில் பதில் வருகிறது

"பாரம்பரியம்." "தமிழ்." "முன்னோர்." இவை தலைப்புகள். தலைப்பைக் கேட்டு யாரும் "அப்படி இல்லையே" என்று சொல்ல முடியாது. கருத்தைக் கேட்டால் சொல்ல முடியும். இரண்டையும் பிரித்துப் பார்க்க இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். நவம்பர் கூட்டத்தில் பேச வேண்டும்.

"என்ன பேசப் போற தம்பி?"

"ஒப்பந்தத்துல வந்தவங்களோட வரலாறு, ஆன்டி."

"அதைப் பத்தி என்ன?"

"எப்படி வந்தாங்க, கரும்புத் தோட்டத்துல எவ்வளவு கஷ்டப்பட்டாங்க..."

"அது மண்டபத்துல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அவங்களுக்குத் தெரியாதது உங்கிட்ட என்ன இருக்கு?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் வீட்டுக் கதை வெளியே வந்தது. அவன் குடும்பத்தில் முதலில் வந்தவரின் சொந்த ஊர் எது என்று யாருக்கும் தெரியாது. பெரியப்பா ஒருவர் தமிழ்நாட்டுக்கே போய், கேள்விப்பட்ட ஊர்களிலெல்லாம் விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். பிறகு ஆயாவின் (பாட்டியின்) தகரப் பெட்டியில் ஒரு பழைய கல்யாணப் பதிவுச் சீட்டு கிடைத்தது. அதில் ஓர் எண். அந்த எண்ணைக் கப்பல் பட்டியலில் பார்த்தால் ஊரின் பெயர் இருக்கிறது!

டர்பனை உள்ளடக்கிய அன்றைய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் அந்த எண்ணுக்கு நேரே எழுதப்பட்டன. 1860 முதல் 1911 வரை வந்த 1,52,184 பேருக்கும் அதே முறை. ஒப்பந்தம் முடிந்த சீட்டு, கல்யாணப் பதிவு என்று அந்த எண் அவர்களை விடாமல் பின்தொடர்ந்தது. மனிதரை எண்ணாக்கிய அதே ஏற்பாடுதான் இன்று பேரப்பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டிக் கொடுக்கிறது.

இவ்வளவையும் பேசி முடித்தபின் தம்பியின் வாக்கியம் இப்படி வந்தது: "ஊரைத் தேடி இந்தியாவுக்கு டிக்கெட் எடுக்கிறதுக்கு முன்னாடி, எண்ணைத் தேடி வீட்டுப் பெட்டியைத் திறக்கணும்."

இதற்கு மறுப்புச் சொல்லலாம். "எங்க வீட்டுல ஒரு காகிதமும் இல்லையே" என்பார் ஒருவர். "நேர்ல போய்ப் பார்க்கிறதுல இருக்கிற சந்தோஷம் காகிதத்துல வருமா?" என்பார் இன்னொருவர். மறுப்பு வருகிறது என்றால் கருத்து இருக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை இனி வாக்கியமே முடிவு செய்துவிடும். டுரூரோவுக்கு ஒரு வரி போதும். தோட்டத்து வேலை நேரம், ரேஷன் அரிசி, சர்தார்மார் (தோட்ட மேற்பார்வையாளர்கள்) கொடுமை எல்லாம் முக்கியமான விஷயங்கள்தான், ஆனால் இந்தப் பேச்சில் அவற்றுக்கு வேலையில்லை. பெரியப்பாவின் பயணமும் ஆயாவின் பெட்டியும் கட்டாயம் வேண்டும்.

செய்முறை என்று கேட்டால் இதுதான். தலைப்பை எழுதிவிட்டு "அதைப் பற்றி என்ன?" என்று கேளுங்கள். வந்த பதிலையும் அதே கேள்வி கேளுங்கள். பதில் ஒரு முழு வாக்கியமாக, வினைச்சொல்லோடு முடியும்வரை விடாதீர்கள். "நம் முன்னோரின் தியாகமும் அதன் பெருமையும்" என்பது முடியாத வாக்கியம். கேட்பவர் எழுந்து போனபிறகு என்ன செய்வார் அல்லது எதை வேறு விதமாகப் பார்ப்பார் என்பது அந்த வாக்கியத்தில் தெரிய வேண்டும்.

அறிகுறி: "என்கிட்ட சொல்ற மாதிரி எதுவும் இல்ல"

இதைச் சொல்பவர்களில் பாதிப்பேர் முப்பது வருஷம் ஒரே தொழிலில் இருந்தவர்கள். மருத்துவமனை நர்ஸ், சர்க்கரை ஆலையில் ஃபிட்டர், வார்விக் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்த அம்மா. படித்தவர்கள்தான் பேச வேண்டும் என்ற எண்ணத்தில் தங்கள் கையில் இருப்பதைப் பார்க்காமல் இணையத்தில் வேறு யாருடைய பேச்சையோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

இவர்களிடம் நான் மூன்று கேள்வி கேட்பது வழக்கம். மற்றவர்கள் உங்களைத் தேடி வந்து என்ன கேட்கிறார்கள்? எந்த விஷயத்தை யாராவது தப்பாகச் சொன்னால் உங்களுக்குச் சுருக்கென்று கோபம் வரும்? முன்னால் ஒரு விதமாக நம்பி, பிறகு மனசு மாறியது எதில்?

மூன்றாவது கேள்விக்குத்தான் பலன் அதிகம். மனசு மாறிய இடத்தில் ஒரு "முன்பு", ஒரு "பின்பு", நடுவில் ஒரு காரணம் மூன்றும் தயாராக இருக்கின்றன. பேச்சுக்கு அதற்குமேல் எலும்புக்கூடு தேவையில்லை. ஒரு அம்மா சொன்னார்: ஆடி மாசம் கோயிலில் கூழ் ஊற்றுவதைப் பழைய காலத்துப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தாராம். பேரனோடு பள்ளியில் படிக்கும் பக்கத்துத் தெருச் சூலு இனப் பிள்ளைகளும் அந்தக் கூழுக்கு வரிசையில் நின்றதைப் பார்த்தபிறகு, அக்கம்பக்கத்தோடு பேச நமக்கு வருஷத்தில் கிடைக்கும் எளிய வாய்ப்பு அதுதான் என்று தோன்றியதாம். கூழின் வரலாறு, மாரியம்மன் கதை எல்லாம் தேடி வைத்திருந்த குறிப்புகளை அவரே மூடி வைத்துவிட்டார்.

வாட்ஸ்அப்பில் வந்ததை எடுத்துப் பேசுபவர்களுக்கும் இதே பகுதிதான். அதில் பொய் இருக்கும் என்பது ஒரு தொல்லை. உண்மையாகவே இருந்தாலும் மண்டபத்தில் பாதிப்பேர் அதைக் காலையிலேயே படித்திருப்பார்கள்.

அறிகுறி: எல்லோரும் தலையாட்டுகிறார்கள், அதோடு சரி

வாக்கியம் இருக்கிறது, ஆனால் யாருக்கும் அதில் சந்தேகமே இல்லை. "பெரியவர்களை மதிக்க வேண்டும்." "கல்வி முக்கியம்." கேட்பவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை மறுபடி சொன்னால் அவருக்கு வேலை எதுவும் இல்லை. மரியாதைக்குத் தலையாட்டுவார்.

காந்தி தன் வாழ்க்கையின் முதல் பொதுப் பேச்சு என்று சொல்வது 1893இல் பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகள் முன்னால் பேசியதை. பொருள், வியாபாரத்தில் உண்மை. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் வியாபாரத்தில் உண்மை நடக்காது, அது வேறு இது வேறு என்பது அந்த வியாபாரிகளின் நம்பிக்கை. அதை அவர்கள் முகத்துக்கு நேரே மறுத்ததோடு, அந்நிய மண்ணில் ஒருவர் நடத்தையை வைத்து ஊரில் உள்ள கோடிக்கணக்கானவர்களை அளப்பார்கள், அதனால் இங்கே பொறுப்பு இன்னும் கூடுதல் என்றும் சொன்னார். அதே வாக்கியத்தை ஓர் ஆசிரமத்தில் சொல்லியிருந்தால் தலையாட்டல்தான் கிடைத்திருக்கும். கருத்தின் பலத்தில் பாதி, எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஆகவே, கேட்க வருகிறவர்கள் இந்த விஷயத்தில் இப்போது என்ன நம்புகிறார்கள் என்று முதலில் எழுதுங்கள். உங்கள் வாக்கியத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பேச்சு தேவையில்லை, ஒரு வாழ்த்துரை போதும்.

வள்ளியம்மை பேச்சுகளில் இந்தக் கோளாறு ஒவ்வொரு வருஷமும் வரும். தியாகி, பதினாறு வயது, சிறை, மரணம், வாழ்க. எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் அவர் வாழ்க்கையிலேயே ஒரு கருத்து கிடக்கிறது. தமிழ்நாட்டிலுள்ள தில்லையாடி என்ற ஊரை வைத்தே நாம் அவரைச் சொல்கிறோம். அவர் 1898இல் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். காந்தி நடத்திய 1913 போராட்டத்தில் சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அடக்கமும் அந்த நகரத்தில்தான், பிராம்ஃபாண்டெய்ன் மயானத்தில். "வள்ளியம்மை இந்தியாவுக்காக உயிர்விட்டவர் இல்லை, இந்த நாட்டில் மனுஷியாக வாழும் உரிமைக்காகப் போராடிய ஜோகன்னஸ்பர்க் பெண்" என்று ஒரு பிள்ளை மேடையில் சொன்னால், முன் வரிசையில் இரண்டு பெரியவர்களாவது நிமிர்ந்து உட்காருவார்கள். ஒருவர் கோபப்படக்கூடும். 1913 மார்ச்சில் கேப் உயர் நீதிமன்றத் தீர்ப்பு கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணங்களைச் செல்லாதவை ஆக்கியதும், ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள்மேல் விதித்த மூன்று பவுண்டு வரியும் அப்போதுதான் பேச்சுக்குள் தேவைப்பட்டு வரும். இரண்டுமே இந்த நாட்டில் குடும்பம் நடத்துவது பற்றிய சண்டைகள் என்பது அந்தப் பிள்ளையின் வாதத்துக்கு ஆதாரம்.

சும்மா அதிர்ச்சிக்காக எதிர்மறையாகப் பேசுவதை நான் சொல்லவில்லை. "கோயிலே வேண்டாம்" என்று ஆரம்பித்துவிட்டு இரண்டாம் நிமிஷத்தில் "வேண்டும்தான், ஆனால்..." என்று இறங்கி வருகிற பேச்சாளர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை இருப்பதில்லை.

அறிகுறி: பத்து நிமிஷப் பேச்சில் எட்டாம் நிமிஷமும் கப்பல் கரைக்கு வரவில்லை

நேரம் போதாமை என்று இதைச் சொல்வார்கள். இணையத்தில் பார்க்கிற டெட் (TED) உரை மேடையில் 18 நிமிஷத்துக்குமேல் தருவதில்லை, உலகத்துப் பெரிய விஞ்ஞானிகள் அதற்குள் சொல்லி முடிக்கிறார்கள். போதாமல் போவது ஒரு பேச்சுக்குள் மூன்று நான்கு கருத்துகள் இருப்பதால்.

எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது எந்த வாக்கியத்துக்கு உழைக்கிறது என்று குறியுங்கள். இரண்டாவதாக ஒரு வாக்கியம் முளைத்தால் அது அடுத்த வருஷத்துப் பேச்சு. தனிக் காகிதத்தில் எழுதிப் பத்திரமாக வையுங்கள், தூக்கிப் போட மனசு வராதவர்களுக்கு அது ஆறுதலாக இருக்கும்.

நிறைய விஷயம் சொல்வதே குற்றம் என்று நினைக்க வேண்டாம். 1996 மே 8 அன்று புதிய அரசியல் சட்டம் நிறைவேறியபோது அன்றைய துணை அதிபர் தாபோ உம்பெக்கி கேப் டவுனில் பேசிய பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதிகுடிகளான கொய், சான் மக்கள், ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், கிழக்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், போரில் தோற்ற வீரர்கள், போயர் (டச்சு வழிவந்த குடியேறிகள்) கல்லறைகள், உடலுழைப்புக்காக மட்டுமே இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் ஏற்றிவரப்பட்டவர்கள் என்று எத்தனை பேர் அதில் வருகிறார்கள். ஆனாலும் சிதறவில்லை. தான் ஓர் ஆப்பிரிக்கன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, இவர்கள் எல்லோரிடமிருந்தும் வந்தவன் என்பதால் அப்படி என்று ஒரே வாக்கியத்தைத்தான் கடைசிவரை நிரூபிக்கிறார். பட்டியல் நீளமாக இருக்கலாம். பட்டியலுக்கு அடியில் இருக்கும் வாக்கியம் ஒன்றாக இருக்க வேண்டும்.

அறிகுறி: எண்களைச் சொன்னால் கண்கள் மேசைச் சமோசா பக்கம் போகின்றன

எண் கருத்தோடு ஒட்டவில்லை. "1895இல் மூன்று பவுண்டு வரி விதிக்கப்பட்டது" என்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. மூன்று பவுண்டு இன்று ஒரு காபி விலைகூட இல்லை என்று கடைசி வரிசைப் பையன் நினைப்பான்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஒப்பந்தத்தில் வந்த ஆணுக்கு முதல் வருஷச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், அப்படியானால் மூன்று பவுண்டு என்பது ஆறு மாதச் சம்பளம். ஒப்பந்தம் முடிந்து, திரும்பிப் போகாமல், மறுபடி கையெழுத்தும் போடாமல் இங்கேயே இருந்தால் வருஷா வருஷம் அதைக் கட்ட வேண்டும். 16 வயது தாண்டிய பையனுக்கும் 13 வயது தாண்டிய பெண்ணுக்கும்கூட உண்டு. புருஷன், பெண்டாட்டி, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு என்றால் 12 பவுண்டு. இப்போது வாக்கியத்தைச் சொல்லுங்கள்: "அது வரி இல்லை, மறுபடி ஒப்பந்தத்தில் தள்ளுகிற கதவு." எண்ணும் கருத்தும் ஒன்றையொன்று தாங்கும். 1913இல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை விட்டு ஏன் எழுந்தார்கள் என்று தனியாக விளக்க வேண்டிய அவசியமே வராது. மறுவருஷம் அந்த வரி எடுக்கப்பட்டது.

ஒரு பேச்சுக்கு இப்படி ஒரு எண்ணைப் பிரித்துக் காட்டினால் போதும். மற்றவற்றை அச்சடித்த தாளில் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: பேச்சு புலம்பலாகவோ அறிவுரையாகவோ ஆகிவிடுகிறது

"தமிழ் அழிகிறது. இளைஞர்கள் அக்கறை காட்டுவதில்லை. பெற்றோர் வீட்டில் பேசுவதில்லை." எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். கேட்கிற இளைஞனுக்கு இதில் இரண்டே வழி: குற்றவாளியாக உட்கார்ந்திருப்பது, போனை எடுத்துப் பார்ப்பது. அவன் போனை எடுப்பான்.

புலம்பலுக்குள் ஒரு கருத்து புதைந்திருக்கும். யார், எப்போது, என்ன செய்தால் இது ஓர் அங்குலம் நகரும் என்று கேட்டால் அது வெளியே வரும். நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவில் ஆட்சி மொழிகள் தவிர, மதித்துப் போற்றப்பட வேண்டியவை என்று சில மொழிகளைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி, போர்ச்சுகீஸ், தமிழ், தெலுங்கு, உருது. மண்டபத்தில் கேட்டுப் பாருங்கள், தமிழ் அதில் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்று. "நாட்டின் சட்டமே தமிழைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, நம் கோயில் மைக் கூப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பை முதலில் தமிழில் சொல்லி, அப்புறம் ஆங்கிலத்தில் சொல்வோம்." இது சின்ன விஷயம்தான். ஆனால் கமிட்டித் தலைவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், "முடியாது" என்றால் அவர் காரணம் சொல்ல வேண்டும். அழிகிறது என்ற பேச்சுக்கு அவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை, பெருமூச்சு விட்டால் போதும்.

அறிவுரை வாடையைப் போக்க ஒரு குறுக்கு வழி: எழுதியதில் "நாம்", "நீங்கள்", "இளைஞர்கள்" என்று வருகிற இடங்களில் "நான்" என்று மாற்றிப் படியுங்கள். கூச்சமாக இருக்கிற வரிகளை எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: அரங்கில் பாதிப்பேருக்குத் தமிழ் புரியாது

இங்கே இது எப்போதும் உள்ள நிலைமை. ஆயாவும் தாத்தாவும் முன்னால், ஆங்கிலம் மட்டும் தெரிந்த பேரப்பிள்ளைகள் பின்னால், விருந்தாளியாக வந்த சூலு கவுன்சிலர் நடுவில். எந்த மொழியில் எவ்வளவு பேசுவது என்று மூளையை உடைத்துக்கொள்வார்கள். நான் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். வாக்கியத்தை முதலில் பேத்தியிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள், பிறகு ஆயாவிடம் தமிழில். இரண்டு இடத்திலும் எதிர்க்கேள்வி வந்தால் கருத்து மொழியைத் தாண்டி நிற்கிறது. பேத்தியிடம் "அழகா இருக்கு" என்று மட்டும் பதில் வந்தால், உங்கள் கருத்து ஒரு பழமொழியின் ஓசையிலோ அடுக்குமொழியிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதுகை மோனை போனால் கூடவே போய்விடும்.

வாக்கியத்தை மட்டும் இரண்டு மொழியிலும் முழுசாகச் சொல்லிவிட்டு, மற்றதை வாய்க்கு வருகிறபடி கலந்து பேசுங்கள். டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் எந்த வீட்டில் கலக்காமல் பேசுகிறார்கள்?

அறிகுறி: ஸ்லைடு இல்லாவிட்டால் பேச்சு இல்லை

லோட் ஷெடிங் பார்த்த நாட்டில் இதை நீட்டி எழுதத் தேவையில்லை. கரண்ட் போனால் உங்கள் கையில் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் கருத்து. ஒரே ஒரு பொருளைக் கையில் எடுத்துப் போங்கள். ஆயாவின் பதிவுச் சீட்டின் நகல், ஒரு பழைய தகரக் குவளை, ஏதாவது.

அறிகுறி: முடிக்கத் தெரியாமல் "இறுதியாக" என்று நாலு தடவை சொல்கிறேன்

முடிவு வராததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கேட்பவரிடம் எதையும் கேட்கவில்லை. கேட்க ஒன்று இருந்தால், கேட்டவுடன் பேச்சு முடிந்துவிடும்.

1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் இந்தியர்கள் கூடினார்கள். இந்தியர்கள் கட்டாயம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்ட வரைவை எதிர்த்துத் தீர்மானம் போட வேண்டும். தீர்மானத்தைக் கடவுள் சாட்சியாக எடுப்போம் என்று கூட்டத்தில் பேசிய ஹாஜி ஹபீப் சொன்னபோது காந்தி திடுக்கிட்டார். அது முன்கூட்டி எழுதி வைத்த திட்டத்தில் இல்லை. உடனே எழுந்து, சத்தியம் செய்வது என்றால் என்ன விலை என்று விளக்கினார். சிறை வரலாம், பட்டினி வரலாம், அடி விழலாம், சொத்துப் போகலாம். இதையெல்லாம் யோசித்து, முடியும் என்றால் மட்டும் எழுந்து நில்லுங்கள் என்றார். அரங்கமே எழுந்து நின்று சத்தியம் செய்தது. கேட்டது ஒரே காரியம், அதன் விலையும் மறைக்கப்படவில்லை. நம் மேடைகளில் விலையைச் சொல்லாமல் காரியத்தை மட்டும் கேட்பதால்தான் கைதட்டல் வெளிவாசலோடு நின்றுவிடுகிறது.

நிறவெறி அரசு தொடுத்த ரிவோனியா வழக்கில் 1964 ஏப்ரல் 20 அன்று மண்டேலா கூண்டில் நின்று மணிக்கணக்கில் பேசினார். தேவைப்பட்டால் உயிரைக் கொடுக்கவும் தயார் என்ற கடைசி வாக்கியம் உலகத்துக்கே தெரியும். அதைச் சொன்னால் தூக்குக் கயிற்றை அழைப்பதாகும் என்று வழக்கறிஞர்கள் பயந்தார்கள், "தேவைப்பட்டால்" என்பது அவர்கள் வற்புறுத்தலில் சேர்ந்தது. முன்னால் பேசிய அத்தனையும் அந்த வாக்கியத்தை நோக்கி வந்திருந்தது. அதனால் அதற்குப் பிறகு நன்றியுரை எதுவும் தேவைப்படவில்லை.

கோயில் மண்டபத்தில் யாரும் உயிரைக் கேட்கப் போவதில்லை. தம்பியின் பேச்சு இப்படி முடியலாம்: "இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க வீட்டுப் பெட்டியைத் திறங்க. சீட்டு கிடைச்சா போட்டோ எடுத்துக் கோயில் ஆபீஸ்ல குடுங்க. தூசி தும்மல் வரும், சொல்லிட்டேன்." அவ்வளவுதான், இறங்கிவிடலாம். முன் வரிசைக்கு மறுபடி வணக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அறிகுறி: பயம்

கொஞ்சம் இருக்கட்டும். லண்டனில் படித்த காலத்தில் சைவ உணவுக்காரர்களின் சங்கத்தில் எழுதி வைத்ததை வாசிக்கக்கூட முடியாமல் இன்னொருவரை வாசிக்க வைத்தவர்தான், மேலே சொன்ன பிரிட்டோரியா பேச்சைப் பேசிய காந்தி. நடுவில் அவர் குரல் பயிற்சி எடுத்ததாகத் தெரியவில்லை. அந்த வியாபாரிகளிடம் சொல்ல அவரிடம் ஒன்று இருந்தது. வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், பேச்சு முழுவதையும் வேண்டாம். எங்கே தொலைந்தாலும் வாக்கியத்துக்குத் திரும்பி வரலாம், மண்டபம் அதை வலியுறுத்தல் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: நாளைக்குப் பேச்சு, வாக்கியம் இன்னும் வரவில்லை

புதிதாக எதையும் தேடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தை, யார், எங்கே, என்ன நடந்தது என்று நேராக எழுதுங்கள். அதற்கு அர்த்தம் சொல்ல முயல வேண்டாம். வீட்டில் ஒருவரை உட்கார வைத்துச் சொல்லிக் காட்டி, "இதுல இருந்து உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேளுங்கள். பல சமயம் வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்துவிடும், தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் வராவிட்டால் அமைப்பாளருக்குப் போன் போட்டுப் பத்து நிமிஷத்தை மூன்றாகக் குறைத்துக் கேளுங்கள். சிறப்பு விருந்தினர் எப்படியும் தாமதமாகத்தான் வருவார், நிகழ்ச்சி ஏற்கெனவே ஒரு மணி நேரம் தள்ளிப் போயிருக்கும். அமைப்பாளர் மனதாரச் சம்மதிப்பார்.